சாப்பாட்டுப் பையில் ஒரு வரைபடம்

தென்துருவத்துக்குப் போய்வந்தவள் என்று மேடைகளில் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அறிமுகப்படுத்துகிறவர்கள் மேல் அல்ல. அவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். மாணவியாக இருக்கும்போதே பனிக் கண்டத்தில் கால் வைத்தவர், காலநிலை மாற்றத்தைக் கண்ணால் கண்டவர், இனி அவர் பேசுவார் என்கிறார்கள். நானும் எழுந்து பனி உருகுவதைப் பற்றிப் பேசிவிட்டு வந்து கதிரையில் உட்காருகிறேன். அந்தப் பயணத்தின் பேரில் என் அண்ணா பதினான்கு மாதம் தடுப்பு முகாமில் கிடந்ததை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. சொல்லாமல் விழுங்கிய கோபம் இத்தனை வருடமாகியும் தணியவில்லை. 

யுத்த காலம். நாங்கள் திருகோணமலை நகரத்துக்கு வெளியே பாலையூற்றில் இருந்தோம். அப்பா முன்னமே இறந்துவிட்டார். அம்மா வீட்டில் தைப்பார். அண்ணா திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தார். நான் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் புவியியல் படிப்பித்த ரீச்சர் குடாவின் அக்கரையில் இருக்கிற மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து போகிற முஸ்லிம் பெண். கடல் கொந்தளித்தால் வரமாட்டார். படையினர் லோஞ்சை மறித்தாலும் வரமாட்டார். வந்த நாளில் ஒரு நிமிடத்தையும் வீணாக்கமாட்டார்.

அவர்தான் அந்த விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு அமைப்பு ஒன்று பல நாட்டு மாணவர்களைக் கப்பலில் ஏற்றித் தென்துருவப் பனிக் கண்டத்துக்குக் கூட்டிப்போய், பனி ஏன் உருகுகிறது, உருகினால் உலகத்துக்கு என்ன ஆகும் என்று அங்கேயே வைத்துப் பாடம் நடத்துமாம். செலவெல்லாம் அவர்களுடையது. விண்ணப்பிக்கிறவர் ஒரு கட்டுரையும் ஒரு வரைபடமும் அனுப்ப வேண்டும். கடல் ஒரு மீற்றர் உயர்ந்தால் உங்கள் ஊரின் கரை எங்கே வந்து நிற்கும் என்பதை நீங்களே அளந்து கீற வேண்டும். புத்தகத்தைப் பார்த்துக் கீறக்கூடாது.

எங்கள் ஊரில் இது எப்படிப்பட்ட வேலை என்று அதை எழுதியவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் திருகோணமலைக் குடாவைக் கீறுவோம். வெளி வளைவு வரும், கோணேசர் மலை வரும், மூதூர்ப் பக்கம் வரும். உள் துறைமுகம் மட்டும் வராது. படை முகாம் இருக்கிற அந்தக் கரையை ஒரு கோடும் இல்லாமல் வெறுமையாக விட்டுவிடுவோம். விடச் சொல்லி எந்தச் சட்டமும் இருந்ததாக நான் அறியேன். எப்போதோ ஒரு ஆசிரியர் பயந்து விட்டிருப்பார். அவரைப் பார்த்து அடுத்தவர் விட்டிருப்பார். பிறகு அதுவே பாடமாகிவிட்டது. யாராவது முழுதாகக் கீறினால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையே அழிறப்பரை நீட்டும்.

எனக்கு அப்போதே கொஞ்சம் விறைத்த குணம்.

“கடல் உயர்ந்தா முகாமுக்கு முன்னால மட்டும் உயராமல் நிக்குமோ ரீச்சர்?” என்று கேட்டேன்.

அவர் யன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, “கீறு. கரையை மட்டும் கீறு. கட்டடம் ஒண்டும் வேண்டாம்” என்றார்.

அண்ணாவுக்கு ஒரு மேசனைத் தெரியும். சுவருக்கு மட்டம் பார்க்கிற நீளமான, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாயை அவரிடம் இரவல் வாங்கிவந்தார். குழாய்க்குள் தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் நின்றாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். பௌர்ணமியன்று கடல் ஏறி நின்ற அடையாளத்தில் அண்ணா ஒரு முனையைப் பிடிப்பார். நான் மறு முனையோடு வீடுகளுக்கு நடுவே போகிற ஒழுங்கைக்குள் போவேன். ஒரு மீற்றர் உயரம் தரையைத் தொடுகிற இடத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் எங்கள் வேலை. மீன் வாடிக் கொட்டில்கள், சைக்கிள் திருத்துகிற கடை, பள்ளிவாசல் மதில் என்று ஒவ்வொன்றாகக் கோட்டுக்குள் வந்தன. சென்றியில் காவல் நிற்கிற படையினர் கேட்டால், பள்ளிக்கூட வேலை என்று அண்ணா சிரித்துக்கொண்டு சொல்வார். அவர்களும் விட்டுவிடுவார்கள். ஒளிக்காமல் செய்தபோது ஒருவரும் எங்களைப் பிடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

உள் துறைமுகத்தில் போய் அளக்க ஏலாது. ரீச்சரோடு ஒருநாள் லோஞ்சில் மூதூர் போய்வந்தேன். போகும்போதும் வரும்போதும் கரை எங்கே வளைகிறது, எங்கே பாறை, எங்கே மணல் என்று கண்ணால் பார்த்து மனத்தில் வைத்து, வீட்டில் வந்து கீறினேன். முகாம் பக்கமும் கடல் ஏறியது. அந்தக் கோட்டைக் கீறி முடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறக்கவில்லை. என் ஊரை நான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். அடுத்து நான் செய்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

எங்கள் வீடுகளில் எதையும் ஒளித்து வைப்பது வழக்கம். வீட்டுப் பிளான், ரேடியோ பற்றறி, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம், ஆட்கள் கூட்டமாக நிற்கிற படம் எல்லாம் அலுமாரியில் உடுப்புக்கு அடியில் போகும். அம்மா தன் தையல் அளவு நாடாவைக்கூட ஒருமுறை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார். குற்றம் செய்ததால் ஒளிப்பதில்லை. கண்டால் கேட்பார்கள், கேட்டால் சொல்லத் தெரியாது, அதனால் ஒளிப்போம். அண்ணா தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போடுவதற்காக அந்த வரைபடத்தைக் கையில் எடுத்தபோது நான்தான் பறித்தேன்.

“என்னத்துக்கு? கடிதத்தோட சேத்துக் கையில கொண்டு போறன்” என்றார் அண்ணா.

“கண்டா கேப்பாங்கள். ஒளிச்சுக் கொண்டு போங்கோ.”

நாலாய் மடித்து, அவருடைய சாப்பாட்டுப் பையின் அடியில் இருந்த மட்டைக்குக் கீழே வைத்தேன். அதற்கு மேல் சோற்றுப் பெட்டியை வைத்தேன். என் கையால் வைத்தேன்.

நகரத்துக்குள் நுழைகிற இடத்துச் சோதனைச் சாவடியில் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகப் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். மட்டையைத் தூக்கினார்கள். பதினொரு மணிக்கு மருந்துக் கடை முதலாளி, அண்ணாவைப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்ல எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அம்மாவும் நானும் ரீச்சரும் முகாம் வாசலில் மூன்று நாள் நின்றோம். மூன்றாம் நாள் ஒரு அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார். மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் நின்றார். அதிகாரி சத்தம் போடவில்லை. கேள்வி ஒன்றுதான். பள்ளிக்கூட வேலை என்றால் கையில் கொண்டுபோயிருக்கலாமே, சோற்றுக்குக் கீழே ஏன் ஒளித்தார்?  உங்களுக்குப் பயந்து என்று சொல்லலாம். அதைச் சொல்லவும் பயம்.

“அது நான் குடுத்த வேலை சேர். கேக்கிறதெண்டா என்னைக் கேளுங்கோ” என்றார் ரீச்சர். அவருடைய அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இறங்குதுறையில் எல்லோரும் போனபின் அவரை மட்டும் ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்து அனுப்புவார்கள். ஒருநாளும் என்னிடம் அதைப் பற்றி முறைப்படவில்லை.

நானும் சொன்னேன். கீறினது நான், ஒளித்தது நான் என்றேன். அதிகாரி மொழிபெயர்ப்பவரைப் பார்த்துச் சிரித்தார். தமையனைக் காப்பாற்றத் தங்கச்சி சொல்கிறாள் என்பது அவர் முடிவு. ஒரு பெட்டை இப்படி அளந்து கீறியிருக்கமாட்டாள் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. என் வேலையை இவ்வளவு மெச்சியவர்கள் அதற்குப் பிறகும் இல்லை. அதற்கான சிறைதான் வேறொருவருக்குப் போனது.

நாலாம் நாள் நான் மேசையில் உட்கார்ந்து புதுத் தாளில் மறுபடி கீறினேன். விண்ணப்ப முடிவு நாள் நெருங்கியிருந்தது. இந்த முறை உள் துறைமுகத்தை ஆறாம் வகுப்பில் விட்ட மாதிரியே வெறுமையாக விட்டேன். அம்மா அடுப்பை விட்டுவந்து குசினி வாசலில் நின்று பார்த்தார்.  அண்ணா எங்கே கிடக்கிறார் என்று தெரியாத நேரத்தில் நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். எனக்குப் போக வேண்டும் என்றிருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

மூன்று மாதம் கழித்துத் தெரிவுக் கடிதம் வந்தது. என் வரைபடத்தைப் பாராட்டி அதில் ஒரு பந்தியே எழுதியிருந்தார்கள். வெறுமையாக விட்ட இடங்கள் அவர்களை மிகவும் கவர்ந்தனவாம். எதிர்காலத்தை முழுதாக அறிய முடியாது என்ற அறிவியலின் பணிவை ஒரு மாணவி இவ்வளவு அழகாகக் காட்டியது வியப்பாக இருந்ததாம். ரீச்சர் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னார். வாசித்துவிட்டு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அண்ணாவைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போய், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று, போகவில்லை என்று சொன்னேன்.

“ஏன் போகேல்ல?”

“நீங்கள் இதுக்குள்ள கிடக்க நான் எப்பிடிப் போறது?”

“நீ போகாட்டி நான் வெளியில வந்திடுவனோ?” அவர் மெலிந்திருந்தார். ஆனால் மருந்துக் கடையில் ஆட்களுக்கு விளக்குகிற அதே நிதானத்தில் பேசினார். “இவ்வளவும் பட்டாச்சு. போய்ப் பாத்திட்டு வா. வந்து எனக்குச் சொல்லு.”

போனேன்.

அந்தக் கப்பலைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்கள். காலையில் பாடம், மத்தியானம் சிறு படகில் கரைக்கு. பனிப்பாறையில் நட்டிருந்த கம்புகளை அளந்து, போன வருடத்தைவிட எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குறித்தோம். ஆழத்திலிருந்து எடுத்த பழைய பனித்துண்டு ஒன்றை ஒரு விஞ்ஞானி தண்ணீர்க் கோப்பையில் போட்டுக் காதருகே பிடிக்கச் சொன்னார். படபடவென்று மெல்லிய சத்தம். எங்கள் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்திய காற்று அதற்குள் அடைபட்டிருந்து இப்போது வெளியே வருகிறது என்றார். அந்தக் காற்றை அளந்துதான் அன்றைக்கு என்ன இருந்தது, இன்றைக்கு நாம் எரித்துத் தள்ளுவதால் என்ன கூடியிருக்கிறது என்று சொல்கிறார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று கூசினேன்.

இன்னொரு பாடம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அவ்வளவு பெரிய பனி தன் பாரத்தால் கடலையே தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறதாம். அது உருகினால் இழுவை குறையும். பக்கத்தில் கடல் தாழும், தொலைவில் கூடுதலாக உயரும். ஆக, அங்கே உருகுவது எங்களைப் போன்ற கரைகளில்தான் அதிகமாக ஏறும். பனியையே காணாத எங்கள் மீன் வாடிகளுக்கு இப்படி ஒரு கணக்கு எழுதிவைத்திருக்கிறது. ஒரு மாணவி பறவைக் குஞ்சுகளை நினைத்து அழுதாள். அவளைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அது அவள் குற்றமில்லை.

பிறகு ஒவ்வொருவரும் தங்கள் ஊர் வரைபடத்தைக் காட்டிப் பேச வேண்டும். என் முறை வந்தது. அந்த வெறுமை இடத்தைக் காட்டி ஒரு பையன் காரணம் கேட்டான். அங்கே போக அனுமதியில்லை என்றேன். அண்ணாவைப் பற்றி வாய் வரவில்லை. பின்வரிசையில் கப்பலின் இரண்டாம் அதிகாரி நின்றிருந்தார். நரைத்த தாடிக்காரர். முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, அந்தத் துறைமுகத்தின் வரைபடம் தன்னிடம் இருப்பதாகவும் மேலே வந்தால் காட்டுவதாகவும் சொன்னார்.

கப்பலைச் செலுத்துகிற அறையில் அகலமான இழுப்பறைகள் இருந்தன. அந்தக் கப்பல் முன்னொரு காலம் இந்து சமுத்திரத்தில் ஆராய்ச்சிக்கு ஓடியதாம். பழைய தாள்களைப் புரட்டி ஒன்றை உருவி மேசையில் விரித்தார். திருகோணமலை. உள் துறைமுகம் முழுக்க. ஒவ்வொரு வளைவும் பாறையும் மணல் திட்டும் இருந்தன. நான் கண்ணால் பார்த்து மனத்தில் வைத்துக் கீறிய கரை அதில் நூல் பிடித்த மாதிரி ஓடியது. இறங்குதுறைகள், எண்ணெய்த் தாங்கிகள், கொடிக்கம்பம், ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரின் ஆழம். நுழையக்கூடாத பகுதியைக்கூடப் புள்ளிக்கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள்.

இது இரகசியம் இல்லையா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. கப்பல் ஓட்டுகிறவர்களுக்காக அச்சடிப்பது, கடையில் விற்பார்கள், யாரும் வாங்கலாம் என்றார். யாரும் வாங்கலாம் என்பதை இரண்டு தரம் சொன்னார்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் உள்ள எந்த மாலுமியும் இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிற ஒன்றை, ஒரு பள்ளிக்கூடப் பெட்டை பென்சிலால் அரைகுறையாகக் கீறியதற்கு என் அண்ணா கம்பிவலைக்குப் பின்னால் நிற்கிறார். எங்கள் ஊர் எங்களுக்கு மட்டும்தான் இரகசியம்.

என் முகத்தைப் பார்த்து அந்த மனிதர் வேறு என்னவோ நினைத்துக்கொண்டார். ஊர் ஞாபகம் என்று நினைத்திருப்பார். தாளைச் சுருட்டி என் கையில் தந்து, இது பழைய பதிப்பு, எங்களுக்கு இனித் தேவையில்லை, வைத்துக்கொள் என்றார்.

அதைக் கொண்டுபோனால் அண்ணாவுக்காக ஒரு வழக்கறிஞரைப் பிடித்து அவரிடம் கொடுக்கலாம். இதோ பாருங்கள், கடையில் விற்பது, இதில் என்ன இரகசியம் என்று கேட்கலாம். இது எனக்கு அந்த இடத்திலேயே தோன்றியது. கூடவே விமான நிலையமும் தோன்றியது. பெட்டியைத் திறந்து கொட்டுகிற மேசை, வரிசையான சாவடிகள், ஒரு பிள்ளை உள்ளே கிடக்க மற்றப் பிள்ளைக்காகவும் வாசலில் நிற்கப்போகிற அம்மா. எதற்கு அடியில் ஒளிப்பது என்றுதான் என் மூளை முதலில் தேடியது. அதை உணர்ந்தபோது என்மேலேயே வெறுப்பு வந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இழுப்பறையில் போட்டார். மிச்ச நாட்களில் நாளுக்கொருமுறை மேலே ஏறிப்போய் அதைத் திறந்து பார்த்தேன். இறங்குகிற நாளன்றும் பார்த்தேன். எடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். அந்தக் காலத்தில் படை அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினராக இல்லாமல் விழா நடக்காது. மாலை போட்டார்கள். கரியமில வாயுவைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசினேன். பேசி முடித்ததும் விருந்தினர் எழுந்து கை கொடுத்தார். உண்மையான அக்கறையோடு, நல்ல தமிழில், “எங்கள் துறைமுகத்தில் எவ்வளவு தூரத்துக்குத் தண்ணீர் வரும் மகள்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். கை வைத்துக் காட்டக்கூட முடியும். பின்வரிசையில் அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

“தெரியாது சேர். நான் அளக்கேல்லை” என்றேன்.

மண்டபம் கைதட்டியது. ரீச்சர் மட்டும் தட்டவில்லை. மடியில் கையை வைத்தபடி இருந்தார்.

அண்ணாவைப் பதினான்காம் மாதம் விட்டார்கள். வழக்குமில்லை, விளக்கமுமில்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்சில் ஏற்றிவிட்டார்கள். வந்து ஒரு கிழமை பெரும்பாலும் படுத்தே கிடந்தார். பிறகு ஒருநாள் காலை, நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, “இனிச் சொல்லு. என்ன பாத்தனி?” என்றார்.

பனியைச் சொன்னேன். கோப்பையில் கேட்ட பழைய காற்றைச் சொன்னேன். எங்கள் கரையில்தான் கூட ஏறும் என்பதைச் சொன்னேன். கடைசியில் அந்தத் தாளையும் சொன்னேன்.

“முகாம் பக்கமும் இருந்ததோ?”

“ஓம். நான் கீறாததும் இருந்தது.”

“ஆரும் வாங்கலாமோ?”

“ஆரும் வாங்கலாம். எனக்குத் தந்தவர். நான் வேண்டாமெண்டு குடுத்திட்டன்.”

துருவுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் ஏச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அண்ணா நீண்ட மூச்சு விட்டார். அவர் தோள் இரண்டும் இறங்கின.

“நல்ல வேளை” என்றார். “கொண்டு வந்திருந்தா உன்னையும் பிடிச்சிருப்பாங்கள்.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். கடையில் விற்கிற ஒரு தாளை நான் கொண்டுவராமல் விட்டதற்கு என் அண்ணா எனக்கு நன்றி சொன்னார். அவரை உள்ளே வைத்த பதினான்கு மாதத்தை என்றாவது ஒருநாள் நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்த ‘நல்ல வேளை’யை அவர் வாயில் வைத்தவர்களை மன்னிக்க மாட்டேன்.